பிஎம் கிசான் பணம் உழுபவருக்கா, பட்டா உள்ளவருக்கா?

பிஎம் கிசான் என்பது, நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் போடும் உதவித்தொகை. கொடுமுடிப் பக்கம் குத்தகைக் காட்டில் மஞ்சள் போட்டு, நகக்கண்ணெல்லாம் மஞ்சளேறிப் போனவருக்கு இது வராது. கோயம்புத்தூரில் குடியிருக்கும் நிலத்துச் சொந்தக்காரருக்கு வரலாம். காரணம், அரசு பார்ப்பது நில ஆவணத்தில் உள்ள பெயரை. பட்டாவைச் சரிபார்ப்பது எளிது; குத்தகையோ பெரும்பாலும் வாய்ப்பேச்சு. கேஸ் மானியம் போலத்தான்: அடுப்படியில் வேகுபவர் யாராக இருந்தாலும், இணைப்பு யார் பெயரிலோ அவர் கணக்குக்கே போகும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. வருமான வரி கட்டுபவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தாலும் கிடையாது. அப்புறம், ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் வராது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அந்த வரம்பை 2019-லேயே எடுத்துவிட்டார்கள்.