டக்கார் வென்ற எஞ்சினா? பழைய பஜெரோ வாங்கமுன் கொஞ்சம் பொறுங்கள்

திருக்கோவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கல்முனையில் ஒரு மிட்சுபிஷி பஜெரோ விலைக்கு வந்திருக்கிறதாம், 1996ஆம் ஆண்டு வண்டி, 2.5 டீசல், மனுவல் கியர். விற்கிறவர், டக்கார் என்கிற பாலைவனக் கார்ப் போட்டியைச் சொல்லி, "இது டக்கார் வென்ற எஞ்சின் தம்பி, உடையவே உடையாது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். தம்பிக்கு மாரியில் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) போய்வர வேண்டும், இடைக்கிடை குடும்பத்தோடு பாணமை, உகந்தைக் கடற்கரைப் பக்கமும் போக வேண்டும். அதே காசுக்கு ஜீடிஐ என்கிற பெட்ரோல் எஞ்சின் போட்ட மிட்சுபிஷி லான்சர் கார் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறார், அதையும் "ரலி வண்டி" என்றுதான் சொன்னார்களாம். எதை எடுக்கலாம் என்று கேட்கிறார்.

தம்பி, அந்த எஞ்சின் கதையை முதலில் தூக்கிப் போடுங்கள். மிட்சுபிஷி டக்காரை 12 தடவை வென்றது உண்மை. 1983இல் பஜெரோவோடு முதன்முதலாக இறங்கினார்கள், 1985இல் பற்றிக் சானிரோலி முதல் வெற்றியைக் கொடுத்தார், 1997இல் கென்ஜிரோ ஷினோசுக்கா அதை வென்ற முதல் ஜப்பானியர் ஆனார், 2001இல் யுட்டா கிளைன்ஷ்மிட் வென்றார். கார் பிரிவில் டக்காரை வென்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான். 2001 முதல் 2007 வரை ஏழு ஆண்டு விடாமல் மிட்சுபிஷிக்கே கிண்ணம். ஆனால் அந்த ஏழிலும் பொனட்டுக்குள் இருந்தது பெரிய வி6 பெட்ரோல் எஞ்சின். 2009இல் டீசல் எஞ்சினோடு ரேசிங் லான்சர் என்று ஒன்றை இறக்கினார்கள், அது வெல்லவில்லை, அதோடு டக்காரையே விட்டுவிட்டார்கள். உங்களுக்குக் காட்டிய 2.5 டீசல், 4டி56 என்று பெயர், நம் ஊர் வான்களிலும் டபுள் கெப்களிலும் காலம் காலமாக ஓடுகிற அதே எஞ்சின். நல்ல எஞ்சின்தான், ஆனால் கிண்ணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதற்காக ஒரு சதம்கூடக் கூடக் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் பாலைவனத்தில் ஓடியதால் ரோட்டு வண்டிக்கு ஒன்றும் வரவில்லையா என்றால், வந்தது. 1997இல் பஜெரோ எவலூஷன் என்று ஒரு வண்டியை, போட்டி விதிக்காகவே, கடையில் விற்கும் வண்டியாகச் செய்தார்கள். பின் சில்லுகள் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் அதில் இருந்தது, 1998 டக்காரில் முதல் மூன்று இடமும் மிட்சுபிஷிக்கு. 1999இல் வந்த மூன்றாம் தலைமுறை பஜெரோவில் நான்கு சில்லுக்கும் அப்படியே தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது. உங்கள் 96 வண்டி அதற்கு முந்தினது, பின்னால் ஒரே அச்சு. சொகுசு கொஞ்சம் குறைவு, ஆனால் வரம்பும் பள்ளமுமாகக் கிடக்கிற வயல் பாதைக்கு அதில் ஒரு குறையும் இல்லை, திருத்துவதும் சுகம்.

அந்த வண்டியில் நான் மதிக்கிற சாமான் வேறு. 1991இல் இரண்டாம் தலைமுறையோடு வந்த சூப்பர் செலக்ட் என்கிற ஃபோர் வீல் ஏற்பாடு. சாதாரண ஃபோர் வீலில் முன்னச்சும் பின்னச்சும் இறுகப் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் அப்படி ஓடினால் திருப்பத்தில் இழுபட்டு கியர்பெட்டியைத் தின்றுவிடும். சூப்பர் செலக்டில் முன்னச்சையும் பின்னச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற ஒரு டிஃபரென்ஷியல் நடுவே இருப்பதால், நான்கு சில்லும் இழுக்கிற 4எச்சில் போட்டுக்கொண்டு மழைக்கு அக்கரைப்பற்று ரோட்டில் தாராளமாக ஓடலாம். சேறு வந்தால் அந்த நடு டிஃபரென்ஷியலைப் பூட்டுகிற 4எச்எல்சி, இறுகப் புதைந்தால் அதோடு மெதுக் கியரும் சேர்ந்த 4எல்எல்சி. வாங்கமுன் கியர் கம்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பைப் பாருங்கள், அதில் நான்கு நிலை எழுதியிருந்தால் சூப்பர் செலக்ட், 2எச், 4எச், 4எல் என்று மூன்று மட்டும் என்றால் அது சாதாரணம், விலையும் அதற்கேற்றபடி இறங்க வேண்டும்.

எழுதியிருந்தால் போதாது, வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மணல் தரையில் நிறுத்தி ஒவ்வொரு நிலையாகப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். மீட்டர் பலகையில் நான்கு சில்லுப் படம் இருக்கும், மாற்றும்போது முன்சில்லு விளக்கு கொஞ்சநேரம் மினுங்கிப் பிறகு நிலைத்து எரிய வேண்டும். மினுங்கிக்கொண்டே இருந்தால் முன்னச்சு பூட்டவில்லை. பெரும்பாலும் வெக்யூம் குழாய் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது சொலினொய்ட் பழுது. பெரிய செலவு இல்லை, ஆனால் "அது சும்மா பல்ப் கோளாறு" என்று விற்கிறவர் சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி எஞ்சின். 1975இல் மிட்சுபிஷி ஒரு வேலை செய்தது: நான்கு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தை அடக்க, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு தண்டுகளைக் கிராங்கின் (எஞ்சினின் முக்கியத் தண்டின்) இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டது. சைலன்ட் ஷாஃப்ட் என்று பெயர். போர்ஷே கம்பனியே 944 காருக்கு இதை உரிமம் வாங்கிப் போட்டது என்றால் பாருங்கள். உங்கள் 4டி56இலும் அது இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். அந்தத் தண்டுகளை ஓட்டத் தனியாக ஒரு சின்னப் பெல்ட், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற பெரிய டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும். எத்தனையோ பேர் கராஜில் பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுச் சின்னதை அப்படியே விடுகிறார்கள். அது அறுந்தால் துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கும், டைமிங் பாயும், வால்வு பிஸ்டனில் அடிக்கும், ரொக்கர் உடையும். வண்டி மாரி மழைக்குள் வயல் நடுவே நிற்கும்! ஆகவே ரசீது காட்டாவிட்டால் இரண்டு பெல்ட்டையும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். தேடினால் 2.8 எஞ்சின் பஜெரோவும் கிடைக்கும். அது 4எம்40, டைமிங்குக்குப் பெல்ட் இல்லை, சங்கிலி. சேசிஸ் நன்றாக இருக்கிற 2.8 ஒன்று அகப்பட்டால் நான் அதைத்தான் எடுப்பேன்.

4டி56இன் இன்னொரு நோய், சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பது. காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள் (நீங்கள் போகமுன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள்), ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

நம் கரைக்கு இதையெல்லாம்விடப் பெரிய எதிரி உப்புக்காற்று. சேசிஸில் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். பின்சில்லுக்கு மேலே சேசிஸ் வளைகிற இடம், ஸ்பிரிங் உட்காருகிற இடம், இரண்டிலும் திருப்புளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் கதை முடிந்தது.

லான்சர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் கிழக்கு ஆபிரிக்க சபாரி ரலியை லான்சரில் வென்றார், 76இல் முதல் மூன்று இடமும் லான்சர்தான். 1996 முதல் 1999 வரை பின்லாந்தின் டொமி மகினென் தொடர்ந்து நான்கு தடவை உலக ரலி சம்பியன், அது லான்சர் எவலூஷன். அதில் 4ஜி63 டர்போ எஞ்சின், நான்கு சில்லும் இழுக்கும். உங்களுக்குக் காட்டியது முன்சில்லு இழுக்கிற வீட்டுக் கார். 1996இல் உலகத்திலேயே முதலில் பெருந்தொகையாக ஜீடிஐ எஞ்சின் செய்தவர்கள் மிட்சுபிஷிதான், பெருமைதான், ஆனால் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வை எதுவும் கழுவாது, கரி படியும். உயர் அழுத்தப் பம்ப் அழுக்கான பெட்ரோலைத் தாங்காது. அதன் பாஷை தெரிந்த பாஸ் (மெக்கானிக்) கிட்டத்தில் இல்லாவிட்டால் தலைவலி. வயலுக்கும் அதற்கும் வெகுதூரம், விடுங்கள்.

பஜெரோவையே எடுத்து உகந்தைப் பக்கம் போகிறீர்கள் என்றால், இளகின மணல் வந்தவுடன் டயர் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டக்காரிலும் மணலுக்குக் காற்றைத்தான் இறக்குவார்கள். திரும்பித் தார் ரோட்டுக்கு ஏறமுன் அடித்துக்கொள்ள ஒரு சின்னக் காற்றுப் பம்ப் டிக்கியில் கிடக்கட்டும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வயலில் சில்லு மூடத் தண்ணீருக்குள் இறங்கினால், மறுநாள் இரண்டு டிஃபரென்ஷியல் எண்ணெயையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, எண்ணெயை முழுக்க மாற்றி, டிஃபரென்ஷியலுக்குக் காற்றுப் போகிற மூச்சுக்குழாய் கழன்று கிடக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.