எடுத்த இடத்திலேயே வையுங்கள்: பறவைப் பக்கம் கேள்வி – பதில்

கேள்வி: தோட்டத்துப் புதருக்கடியில் ஒரு குஞ்சு தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. பறக்கத் தெரியவில்லை. தாயையும் காணவில்லை. அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம். எப்படி வளர்ப்பது?

பதில்: வளர்க்க வேண்டாம். பதில் அச்சாகி வரும்வரை உங்கள் குஞ்சு காத்திருக்காது என்பதால் உங்களுக்குத் தனியாகவே எழுதிவிட்டேன். இங்கே எழுதுவது அடுத்து யாரோ எடுக்கப்போகும் குஞ்சுக்காக.

உடம்பெல்லாம் இறகு, கட்டை வால், வாயோரத்தில் மஞ்சள் தடிப்பு, தரையில் தத்தல். இப்படி ஒரு குஞ்சைப் பார்த்தால் அது பறக்கப் பழகும் பருவத்தில் இருக்கிறது என்று பொருள். சிறு பறவைகள் பலவும் சரியாகப் பறக்கத் தெரிவதற்குச் சில நாள் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். எல்லாக் குஞ்சுகளும் ஒரே கூட்டில் பாம்பின் கண்ணில் படுவதைவிட ஆளுக்கொரு புதரில் ஒளிந்திருப்பது மேல். பெற்றோர் தேடி வந்து ஊட்டும். ஆனால் நீங்கள் அங்கே குனிந்து நிற்கும்வரை வராது. "தாயைக் காணவில்லை" என்று எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் குஞ்சுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு தாயைத் தேடியவர்கள்.

வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு மணி நேரம் கவனியுங்கள். பூனை இருந்தால் அதை உள்ளே அடையுங்கள். குஞ்சு சாலையில் கிடந்தால் பக்கத்துப் புதரில், அதன் குரல் பெற்றோருக்குக் கேட்கும் தூரத்துக்குள், ஏற்றி வையுங்கள். எடுத்து வந்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பெற்றோர் இன்னும் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

இதற்கு விலக்கு உழவாரன். நீண்டு வளைந்த சிறகும் மிகக் குட்டையான காலும் கொண்ட இந்தப் பறவை கூட்டை விட்டுக் கிளம்பினால் நேரே வானத்துக்குப் போகும். தரையில் தத்திப் பழகும் பருவம் அதற்குக் கிடையாது. பெற்றோரும் தரைக்கு வந்து ஊட்டுவதில்லை. அது கீழே கிடந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பறக்கிறதா என்று மேலே வீசிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: இறகே முளைக்காத இரண்டு குஞ்சுகள் கூட்டோடு விழுந்துவிட்டன. கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்கிறார்களே?

பதில்: சேர்த்துக்கொள்ளும். மனித வாடை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. குஞ்சின் கூச்சலும் அகலத் திறந்த வாயும்தான் அவற்றை இழுக்கின்றன. இந்தப் பொய்யை நம்பிக் குஞ்சைத் தொடாமல் வெயிலில் விட்டுவிட்டுப் போனவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கூடு கலைந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல்லைக் குழிவாகப் பரப்பி, பழைய இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே கட்டுங்கள். தட்டையான தளத்தில் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரிந்து கோணிப்போகும். பச்சைப் புல் வேண்டாம், அதன் ஈரம் உடம்புச் சூட்டை எடுத்துவிடும். வைப்பதற்கு முன் குஞ்சைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிவிட்டு வையுங்கள். குளிர்ந்த குஞ்சு வாய் திறக்காது. வாய் திறக்காத குஞ்சுக்குப் பெற்றோர் ஊட்டாது.

கேள்வி: தாயும் தந்தையும் இறந்ததைக் கண்ணால் பார்த்தோம். மைனாக் குஞ்சு. பால் கொடுக்கலாமா, ரொட்டியை நனைத்துக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை. ரொட்டி வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. இவற்றைவிட மோசமானது வாயில் தண்ணீர் ஊற்றுவது. பறவையின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது. தாகமாக இருக்குமே என்று நீங்கள் விடும் சொட்டு நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சுக்கு வேண்டிய ஈரம் இரையிலேயே இருக்கிறது.

உணவைப் பற்றி இப்போதே பேசுவதுகூட அவசரம்தான். பறவையின் உடம்புச் சூடு ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். அது இறங்கிவிட்டால் குடல் வேலை செய்யாது. அந்த நிலையில் ஊட்டுவது கொல்வதற்குச் சமம். முதலில் சூடு, இருட்டு, அமைதி. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குஞ்சு விலகிக்கொள்ள இடம் வேண்டும். குளிக்கும் துண்டை விரிக்காதீர்கள். நூல் வளையங்களில் நகம் சிக்கும். பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தவும் கூடாது. மூச்சை இழுக்க நமக்கு உதவும் உதரவிதானம் என்னும் தசை பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

அடுத்து, பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரையோ காட்டுயிர் மறுவாழ்வு மையத்தையோ தேடுங்கள். காட்டுப் பறவையை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது பல நாடுகளில் குற்றமும்கூட. ஆள் கிடைக்கும்வரை மைனாவுக்கு வெட்டுக்கிளி, புழு, அல்லது ஊறவைத்த பூனைத் தீவனத்தைச் சிறு துணுக்காக. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். வெறும் புழுவாகவே கொடுத்துவந்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வளையும். சின்னக் குஞ்சு என்றால் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அரைமணிக்கு ஒரு தடவையாவது ஊட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கவும்.

தின்று முடித்த குஞ்சு பின்பக்கத்தைத் திருப்பி, வெள்ளைச் சவ்வில் பொதிந்த ஒரு சின்னப் பையாக எச்சத்தை வெளியேற்றும். கூட்டில் பெற்றோர் அதைக் கவ்விக்கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிடும். நோய் என்று பயந்து இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய. அந்தப் பை உருக்குலையாமல் வந்தால் உங்கள் தீவனம் ஒத்துக்கொண்டது என்று நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: புறாக் குஞ்சு வாயையே திறப்பதில்லை. பிடித்துத் திறந்தால் திமிறுகிறது.

பதில்: திமிறாமல் என்ன செய்யும்? புறாக் குஞ்சு வாய் பிளந்து கேட்கும் ரகம் இல்லை. தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து உறிஞ்சும். முதல் சில நாள் தாய், தந்தை இரண்டுமே கழுத்தடியில் இரை சேரும் தீனிப்பையில் சுரக்கும் ஒருவகைக் கூழைத் தருகின்றன. ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய அந்த முனையில் மெல்லிய துணியைக் கட்டி, அதில் கீறலிட்டு, இளஞ்சூடான கூழை நிரப்பி நீட்டுங்கள். அலகை அதுவே நுழைக்கும். தீனிப்பை காலியான பிறகே அடுத்த வேளை. ஊட்டி முடித்ததும் கையைச் சோப்பால் கழுவுங்கள். புறாக்களும் கிளிகளும் சிட்டகோசிஸ் என்னும் நோயை மனிதருக்குத் தரக்கூடியவை.

கேள்வி: பூனை கவ்வி வந்த குருவியைப் பிடுங்கிவிட்டோம். காயமே இல்லை. பறக்க விடலாமா?

பதில்: கூடாது. பூனைப் பல் ஊசி போன்றது. துளை இறகுக்குள் மறைந்திருக்கும். அதன் வாயில் உள்ள பாஸ்டுரெல்லா கிருமி இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டும்.

கேள்வி: பச்சை நிறச் சிறு கிளி ஒன்று பால்கனிக்கு வந்து கையில் ஏறிக்கொண்டது. சுதந்திரமாக விட்டுவிடச் சொல்கிறார் என் கணவர்.

பதில்: உங்கள் கணவரின் நல்ல மனது அதைக் கொன்றுவிடும். நீங்கள் எழுதியுள்ள அடையாளத்தைப் பார்த்தால் அது பட்ஜெரிகர், யார் வீட்டிலிருந்தோ தப்பியது. ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் கூட்டமாகத் திரியும் இனம். கூண்டில் பிறந்ததற்கு இரை தேடவும் பருந்துக்கு ஒளியவும் தெரியாது. தானியமும் தண்ணீரும் வைத்துக் கூண்டிலேயே இருக்கட்டும். காலில் வளையம் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் அறிவியுங்கள், எண்ணை மட்டும் வெளியில் சொல்லாதீர்கள். உரிமை கோரி வருகிறவர் அதைச் சொல்லட்டும்.

கேள்வி: கண் திறக்காத பருவத்திலிருந்து நான் தனியாக வளர்த்த ஆந்தை. திறந்துவிட்டாலும் என் தோளுக்கே திரும்பி வருகிறது. என் மேல் அவ்வளவு பாசம்!

பதில்: உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கப்போகிறேன். முதல் நாட்களில் யாரைப் பார்த்து வளர்கிறதோ அவரையே தன் இனமாகப் பதிந்துகொள்ளும் இயல்பு பல பறவைகளுக்கு உண்டு. கான்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியல் ஆய்வாளர் வாத்துக் குஞ்சுகளிடம் இதைக் காட்டினார். மனிதர் கையில் வளர்ந்த டெக்ஸ் என்ற வட அமெரிக்க ஹூப்பிங் கொக்கு வேறு கொக்குகளைத் துணையாக ஏற்கவே இல்லை. அதை முட்டையிட வைக்க, ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட் என்ற பறவை ஆய்வாளர் 1976 முதல் பல பருவங்களில் அதன் முன்னால் கொக்கைப் போலக் குதித்து ஆடினார். செயற்கைக் கருவூட்டலுக்குப் பிறகு 1982இல் ஒரே ஒரு குஞ்சு பிழைத்தது. அழியும் நிலையில் இருந்த இனம் என்பதால் ஒரு மனிதர் அவ்வளவு பாடுபட்டார். பிற்காலத்தில் அந்தக் கொக்குக் குஞ்சுகளைக் காட்டில் விடுவதற்காக வளர்த்தவர்கள் வெள்ளை அங்கியில் உடம்பை மூடி, கையில் கொக்குத் தலைப் பொம்மையோடு, வாய் பேசாமல் ஊட்டினார்கள்.

உங்கள் ஆந்தையை வெளியே விட்டால் பசித்தபோது முன்பின் தெரியாதவர் தோளில் போய் உட்காரும். இனப்பெருக்கப் பருவத்தில் மனிதரைப் போட்டியாளராக நினைத்துத் தாக்கவும் கூடும். இந்த வாரமே மறுவாழ்வு மையத்தில் ஒப்படையுங்கள். வேறு ஆந்தைகள் உள்ள இடமாகப் பாருங்கள். பெயர் வைத்திருந்தால் அங்கே போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: காகத்தின் கூட்டில் குயில் குஞ்சு வளர்கிறது. ஏமாந்த காகத்துக்காக அதை எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுத்தால் யார் ஊட்டுவது? குயில் குஞ்சு காகக் குஞ்சுகளைப் பொதுவாகத் தள்ளிவிடுவதில்லை. காகமும் அதற்குக் குறை வைப்பதில்லை. அமெரிக்காவில் காகங்களைப் பிடித்து வளையமிட்ட ஆய்வாளர்கள் அணிந்திருந்த முகமூடியை, அவை வருடக்கணக்கில் மறக்காமல் விரட்டிக் கரைந்தன. கூட்டில் கை வைத்தால் உங்கள் முகத்தையும் அவை மறக்காமல் போகலாம். ஏணியை விட்டு இறங்கிவிடுங்கள், ஐயா.