உதவித்தொகையைப் பார்த்து ஆய்வில் சேரலாமா?

கேள்வி: அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் பி.இ. முடித்திருக்கிறேன். கேட் (GATE) நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஓர் ஐ.ஐ.டி.யில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.டெக். இடம் கிடைத்திருக்கிறது. இன்னோர் ஐ.ஐ.டி.யில், எம்.டெக். படிக்காமலே சேரும் நேரடிப் பிஎச்.டி.க்கும் தேர்வாகியிருக்கிறேன். சாயக்கழிவு நீர்ப் பிரச்சினையில் வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. எம்.டெக்.கில் மாத உதவித்தொகை 12,400 ரூபாய், பிஎச்.டி.யில் 37,000. அப்பா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். "பணமும் வருகிறது, டாக்டர் பட்டமும் கிடைக்கிறது, பிறகென்ன யோசனை?" என்கிறார் அப்பா. "படித்து முடிப்பதற்குள் வயது முப்பதை நெருங்கிவிடும்" என்கிறார் அம்மா. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் அப்பா சொல்லும் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம், அது அற்பமான கணக்கு அல்ல. இரண்டு உதவித்தொகைகளுக்கும் இடையே மாதம் 24,600 ரூபாய் வித்தியாசம் என்றால், இரண்டு ஆண்டுகளில் அது 5,90,400 ரூபாய் ஆகிறது. தம்பி கல்லூரியில் சேரப்போகும் வீட்டுக்கு இது பெரிய தொகை. ஆனால் கணக்கை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிடக் கூடாது. எம்.டெக். முடித்தவர் மூன்றாம் ஆண்டில் சம்பளம் வாங்கத் தொடங்கலாம். ஆய்வு மாணவருக்கோ மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000 ரூபாயாக உயரும் உதவித்தொகை பொதுவாக ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடும். ஆய்வேடு அதற்குள் முடிந்தே தீரும் என்று எவரும் உறுதி தருவதில்லை. சிவில் சார்ந்த பிரிவுகளில் வளாக நேர்காணல் வழியாக எல்லோருக்கும் நல்ல வேலை அமைந்துவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும், பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நேரடிப் பிஎச்.டி. வெளித்தோற்றத்துக்குத் தெரிவதைப் போல அவ்வளவு லாபமானது அல்ல.

அடுத்து, சாயக்கழிவு. அது ஒரு துறை. ஆய்வுக் கேள்வி அல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது உங்கள் ஊர் பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது என்ற நிபந்தனையின்படி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரை மீட்டு, எஞ்சிய அடர்கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகின்றன. கடைசியில் மிஞ்சுவது சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் சாயக் கசடும் கலந்த உப்பு. மறுபடி சாயமிடப் பயன்படும் அளவுக்குத் தூய்மையாக, கட்டுப்படியாகும் செலவில் அதைப் பிரித்தெடுப்பது எப்படி என்பது ஓர் ஆய்வுக் கேள்வி. அதற்கு ஐந்து ஆண்டுகளைக் கொடுப்பதில் நியாயம் உண்டு. அந்த நிலையங்களைத் திறம்பட நடத்துவது, புதியனவற்றை வடிவமைப்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளராகி அவற்றைக் கண்காணிப்பது ஆகியவையே உங்கள் மனத்தில் இருக்கும் வேலைகள் என்றால், அவற்றில் எதற்கும் முனைவர் பட்டம் தேவையில்லை, எம்.டெக். தாராளமாகப் போதும். உங்கள் கடிதத்தில் ஆசை தெளிவாக இருக்கிறது, கேள்வி இன்னும் உருவாகவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் அது உருவாகாமல் இருப்பது குறையும் அல்ல.

ஆகவே என் கருத்து எம்.டெக். பக்கமே சாய்கிறது. அதன் இரண்டாம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் ஆய்வேட்டுக்கே போகும். ஒரே பரிசோதனையை நாற்பது முறை செய்வதும், வராத முடிவுக்குக் காரணம் தேடுவதும் உங்களுக்குப் பிடிக்கிறதா, சலிக்கிறதா என்பது அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். பிடித்தால் அதற்குப் பிறகு பிஎச்.டி. சேர எந்தத் தடையும் இல்லை. சலித்தால் கையில் ஒரு முழுமையான பட்டத்தோடு வெளியே வருவீர்கள். நேரடிப் பிஎச்.டி.யை மூன்றாம் ஆண்டில் கைவிடுபவருக்கு அந்த வசதி எல்லா இடங்களிலும் இருப்பதில்லை.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பொறியியல் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2019ஆம் ஆண்டு விதிகள் பி.இ.யோடு எம்.இ. அல்லது எம்.டெக். பட்டத்தையும் கேட்கின்றன. இடையில் முதுநிலைப் பட்டம் இல்லாமல் முனைவரானவர், நேர்காணலுக்கு முன்பே அலுவலகத்தில் நின்று தம் தகுதியை விளக்க வேண்டிய நிலை வரலாம். சில ஐ.ஐ.டி.க்கள் நேரடி ஆய்வு மாணவர்களுக்கு எம்.டெக். பட்டத்தையும் சேர்த்து வழங்குகின்றன. உங்களுக்கு இடம் தந்திருக்கும் துறை அப்படித் தருமா, நடுவில் விலக நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனையை நீங்கள் தள்ளிவிடத் தகுந்த சூழ்நிலை ஒன்று உண்டு. நெறியாளர் யார் என்பது இப்போதே முடிவாகி, அவர் உப்பு மீட்பு போன்ற குறிப்பான ஒரு சிக்கலில் நிதியோடும் ஆய்வகத்தோடும் வேலை செய்துகொண்டிருக்கிறார், அவரிடம் முடித்தவர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் பட்டம் வாங்கி நல்ல இடங்களில் இருக்கிறார்கள், துறை எம்.டெக். பட்டமும் தருகிறது என்றால், தயங்காமல் பிஎச்.டி.யில் சேருங்கள். நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர்தான் ஆய்வு மாணவரின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறார். அவரைப் பற்றி அவரிடமே கேட்டுப் பயனில்லை; அவரிடம் நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை அவர் வரைவைப் படித்துத் திருப்பித் தருகிறார் என்ற ஒரு கேள்வியே பலவற்றைச் சொல்லிவிடும்.

அம்மாவின் கவலை திருமணத்தைப் பற்றியது என்று ஊகிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரின் வசதிக்காகப் பட்டத்தின் நீளத்தை முடிவு செய்ய வேண்டாம் என்பதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எம்.டெக். என்றால் இரண்டே ஆண்டுகள் என்று அவரிடம் சொல்லலாம், பிறகு பிஎச்.டி.யும் சேரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எம்.டெக். இடத்தை, ஐ.ஐ.டி.க்கள் தரும் இடங்களை ஏற்பதற்கான பொது இணையதளத்தின் (COAP) வழியாகத் தற்காலிகமாகத் தக்கவைத்துக்கொண்டு அடுத்த சுற்றுவரை காத்திருக்க வழி இருக்கிறது. கடைசிச் சுற்றின் தேதியைப் பார்த்துக்கொண்டு, அதற்குள் பிஎச்.டி. துறைக்கும் அங்குள்ள மாணவர்கள் இரண்டு மூன்று பேருக்கும் இந்த வாரமே எழுதிவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தாலோ, வராமலே போனாலோ, எம்.டெக். இடத்தை உறுதி செய்துவிடுங்கள்.