மாடி ஏறாத வைஃபை

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் மெஷ் வைஃபை (வீட்டில் அங்கங்கே வைத்த யூனிட்கள் ஒன்றிடம் ஒன்று நெட்டை வாங்கிப் பரப்பும் ஏற்பாடு) பற்றித்தான். மிக்ஸி, மெத்தை கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். மூன்று யூனிட் மெஷ் போட்டேன். கீழே 280 வருகிறது, மாடி அறையில் 15தான். இத்தனைக்கும் மூன்றாவது யூனிட் அந்த அறையில் என் மேசை மேலேயே இருக்கிறது. யூனிட் கோளாறா? (மதுரை)

மேசைதான் கோளாறு. அந்த அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றுதானே மெஷ் வாங்கினீர்கள்? எட்டாத இடத்தில் கொண்டுபோய் யூனிட்டை வைத்தால் அதற்கு மட்டும் எப்படி எட்டும்? போனில் கோடுகள் முழுசாகத் தெரிவது உங்கள் போனுக்கும் மேசைக்கும் உள்ள நெருக்கம். மேசை யூனிட்டுக்குக் கீழிருந்து எவ்வளவு வருகிறது என்பது மெஷ் ஆப்பைத் திறந்தால் தெரியும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தைத் துளைத்து ஏறத் திணறும். படிக்கட்டு திரும்பும் இடத்தில், கீழ் யூனிட்டும் மாடி அறைக் கதவும் கண்ணில் படும்படி வையுங்கள். மூன்றாவது யூனிட் இரண்டாவதிடம் வாங்கி, அது முதலாவதிடம் வாங்கினால், ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சாதாரண டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டே அலைவரிசை உள்ள) மெஷ்ஷில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே பேண்டில் நடப்பதுதான் காரணம். டிவி கேபிள் மாடிக்குப் போன வழியிலேயே ஒரு லேன் கேபிளை இழுத்து மாடி யூனிட்டில் செருகிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கம்பெனி மோடத்தின் சொந்த வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய பாசத்தில் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி: பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யூனிட்டை ஷோகேஸுக்குள், எவர்சில்வர் குடங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். வேகம் குறையுமா? (திண்டுக்கல்)

வெளியே எடுங்கள்.

கேள்வி: 200 பிளான். வேகம் 94ஐத் தாண்டவே இல்லை. மெஷ் செட்டை மாற்றியும் அதே 94. (கோவை)

94 என்றதுமே தெரிந்துவிட்டது. வழியில் எங்கோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது, அதில் கைக்கு வருவது 94தான். மலிவான யூனிட்களில் லேன் போர்ட்டே 100தான் இருக்கும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் கேபிள். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். 100க்கு நாலு போதும். மிச்ச நாலில் ஒன்று அறுந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டிலும் இதே 94தான். ‘கேட்-6’ என்று அச்சடித்த கேபிள், மற்ற கடையைவிட பாதி விலை. 30 மீட்டர் வாங்கிச் சுவர்ப் பைப்புக்குள் இழுத்தேன். ஒரு மாதம் ரவுட்டரைத் திட்டினேன், கம்பெனி ஆளோடு சண்டை போட்டேன். கடைசியில் கம்பி முனையை பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் பொடியாக உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். இரண்டு தடவை வளைத்ததும் முறிந்தே போனது. மறுபடி இழுக்க எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த கூலி, நல்ல கேபிளின் விலையைவிட அதிகம். வாங்கும்போதே கடையில் வைத்துச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

கேள்வி: பெட்டியில் ஏசி1200 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எனக்கு 250கூட வருவதில்லை. 1200 எங்கே போனது? (சேலம்)

எங்கேயும் போகவில்லை, அது இருந்ததே இல்லை. இதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு தடவை சொல்கிறேன். 2.4 பேண்டில் 300, 5 பேண்டில் 867. இரண்டையும் கூட்டினால் 1167. அதை இழுத்து 1200 ஆக்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். ஏஎக்ஸ்3000 என்பதும் இதே கணக்குதான்: 574ம் 2402ம் சேர்த்து 2976. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் நிற்கும், அப்புறம் கூட்டல் யாருக்காக? மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையையும் உப்பு மூட்டையையும் சேர்த்து எடை போட்டு ‘அரிசி 50 கிலோ’ என்று எழுதினால் சும்மா விடுவோமா? அந்த 867ம் காகிதக் கணக்குதான். ஒரே அறையில், எதிரே உட்கார்ந்தால் 500ஐ ஒட்டி வரலாம். நடுவில் ஒரு மெஷ் தாவல் வந்தால் அது 250. ஆக, உங்கள் யூனிட் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அச்சடித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: நெட் ஸ்லோ என்று 9,000 ரூபாய்க்கு மெஷ் வாங்கினேன். சரியாகவில்லை. இப்போது 18,000 ரூபாய் செட் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? பிளான் 40 எம்பிபிஎஸ். (சென்னை)

வேண்டாம். 40ல் 41 வராது. 9,000 கொடுக்கும் முன் மோடத்தில் லேன் கேபிளைச் செருகி லேப்டாப்பில் ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். இப்போதாவது போடுங்கள். அங்கே 40 வந்தால் பிளானை மாற்றுங்கள், வராவிட்டால் கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசத்தான் நெட். என் இரண்டு அறை வீட்டுக்கு மூன்று யூனிட் வேண்டும் என்று கடையில் 14,000 வாங்கினார்கள். ஒன்று எரியவே இல்லை. மூன்றாம் நாளே போனேன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டோம்’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். பில்லும் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான். (கும்பகோணம்)

டீச்சர், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு அறைக்கு ஒரு நல்ல ரவுட்டரே போதும் என்பது விற்றவருக்கும் தெரியும்.

2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். சீட்டில் அச்சடித்த அந்த வரி சட்டத்துக்கு முன்னால் நிற்காது. எஸ்டிமேட் சீட்டையும் பணம் போட்ட வங்கி மெசேஜையும் பத்திரமாக வையுங்கள். எரியாத யூனிட்டை ஒரு வீடியோ எடுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டுவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் சமையலறையில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது. (திருச்சி)

அதுவும் 2.4 பேண்டும் ஒரே அலைவரிசைக்காரர்கள். போனை 5க்கு மாற்றுங்கள். யூனிட்டை மைக்ரோவேவ் தலையிலேயே வைத்திருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். அங்கே ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொள்ளலாம்.