பத்தாம் வகுப்பில் 418 வாங்கிய பெண்ணுக்கு எந்த குரூப்?

வணக்கம் அம்மா,

நீங்கள் எழுதியதையும் உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலையும் பார்த்தேன். தமிழ் 92, ஆங்கிலம் 84, கணிதம் 71, அறிவியல் 78, சமூக அறிவியல் 93. மொத்தம் 418. நல்ல மதிப்பெண். இதை அவளிடம் யாராவது வாய்விட்டுச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. ரிசல்ட் வந்த அன்றே குரூப் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

அவள் அப்பா பயாலஜி-மேத்ஸ் என்கிறார், அதுவும் தனியார் பள்ளியில். சித்தப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். அவள் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்க வேண்டும் என்று காமர்ஸ் கேட்கிறாள். நடுவில் நீங்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காமர்ஸ், அதில் வணிகக் கணிதம் உள்ள பிரிவு, இப்போது படிக்கும் அரசுப் பள்ளியிலேயே. பள்ளியை மாற்ற வேண்டாம் என்பதை குரூப்பைவிட அழுத்தமாகச் சொல்வேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிளஸ் 1 குரூப் ஒரு பிள்ளையின் வேலையை முடிவு செய்வதில்லை. பிளஸ் 2 முடித்ததும் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பமே போட முடியாது என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. எனவே ‘எந்த குரூப் எடுத்தால் என்ன ஆகலாம்’ என்று கேட்பதைவிட ‘எதை விட்டால் எது போகும், போனால் இவளுக்கு நஷ்டமா’ என்று கேட்பது நல்லது.

சித்தப்பா சொல்வதை முதலில் பார்ப்போம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுகிறார்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பயாலஜியும் கம்ப்யூட்டர் சயின்ஸும் அந்தக் கணக்கிலேயே வராது. அதாவது பொறியியலுக்கு முக்கியம் கணிதம்தான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அப்பாவின் கணக்கு வேறு. டாக்டர், இல்லாவிட்டால் இன்ஜினியர்; இரண்டுக்கும் வழி வைத்திருக்கலாம் என்பது. இது தவறான யோசனை இல்லை. எதில் போவது என்று தீர்மானிக்காத, கணிதமும் அறிவியலும் இரண்டும் பிடித்த பிள்ளைக்கு நானே பயாலஜி-மேத்ஸ் எடுக்கச் சொல்வேன். ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். நீட் தேர்வில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180, 180. கணிதத்துக்கு அங்கே ஒரு மதிப்பெண்கூட இல்லை. பொறியியலில் பயாலஜிக்கு இல்லை. ஆக எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெரிய பாடத்தின் உழைப்பு கட்-ஆஃபுக்கு உதவாது. அதைத் தாங்கும் ஆர்வம் பிள்ளைக்கு இருந்தால் சரி. பிளஸ் 1-ல் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பத்தாம் வகுப்பிலிருந்து ஒரே தாவலாகக் கடினமாகின்றன. ஆர்வம் இல்லாத பிள்ளை முதல் இடைப்பருவத் தேர்விலேயே துவண்டுவிடுகிறது. இவளுக்கு அந்த ஆர்வம் இருப்பதாக நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. செய்தித்தாளில் பட்ஜெட் பக்கத்தைப் படிக்கிறாள், மகளிர் சுயஉதவிக் குழு கணக்கு நோட்டை உங்களுக்கு எழுதித் தருகிறாள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று கேளுங்கள். கணிதத்தில் போன 29 மதிப்பெண் எங்கே போனது? கவனக்குறைவா, நேரம் போதவில்லையா, அல்லது முக்கோணவியல், வடிவியல் என்றாலே அவள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறாளா? முதல் இரண்டு என்றால் 71 ஒரு பிரச்சினையே இல்லை. மூன்றாவது என்றால் அறிவியல் குரூப்பின் கணிதம் அவளை வாட்டும். ‘மேத்ஸ் வராது, அதனால் காமர்ஸ்’ என்று மட்டும் வீட்டில் பேசாதீர்கள். வராத பாடத்துக்குப் பயந்து எடுத்த குரூப் என்று அவளே நம்பிவிட்டால், நன்றாகப் படிக்கக்கூடிய பாடத்தையும் அரைமனதோடுதான் படிப்பாள்.

சரி, காமர்ஸ் எடுத்தால் என்ன போகும்? மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பார்மசி, கட்டடக்கலை, நேரடி பி.இ., இயற்பியல் வேதியியல் பட்டப்படிப்புகள். இதை மழுப்பாமல் அவளிடமே சொல்லுங்கள். (கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் கிடையாது, பிளஸ் 2 மதிப்பெண்தான். நீட்டுக்குப் பயந்து அறிவியலையே விடும் வீடுகளுக்கு இது தெரிவதில்லை.) பொறியியலில்கூட ஒரு சுற்றுவழி இருக்கிறது: பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நடுவில் மனம் மாறினால் அது உதவும்.

போகாதவைதான் அதிகம். பி.காம்., பொருளாதாரம், நிர்வாகவியல், இதழியல் எல்லாம் இருக்கின்றன. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். குடிமைப் பணித் தேர்வுக்கும், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் பட்டம்தான் அடிப்படை, பிளஸ் 2-வில் என்ன குரூப் என்று யாரும் கேட்பதில்லை. குரூப் 4-க்கு அவள் கையில் இருக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழே கல்வித் தகுதி. டேட்டா சயின்ஸ் என்று சித்தப்பா மறுபடி கிளம்பினால், சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் பி.எஸ். படிப்பைச் சொல்லுங்கள். பிளஸ் 2-வில் எந்தப் பிரிவு படித்தவர்களும் அதன் தகுதிச் சுற்றில் கலந்துகொள்ளலாம்; பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும்.

பிறகு சி.ஏ. அவள் கேட்டது அதுதான் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள்: கணக்குப் பதிவியல், வணிகச் சட்டம், மூன்றாவது கணிதமும் புள்ளியியலும் தர்க்கமும் கலந்தது, பிறகு பொருளாதாரம். பிள்ளைகள் பலர் பயப்படுவது அந்த மூன்றாவதுக்குத்தான். அதனால்தான் வணிகக் கணிதம் உள்ள பிரிவாகப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் அந்தப் பாடத்துக்குப் பதில் கணினிப் பயன்பாடுகள் மட்டும் இருந்தால் அதற்காகப் பள்ளி மாற வேண்டாம். அந்தத் தாளுக்குத் தனியாகத் தயார் செய்துகொள்ளலாம். இன்னொன்று, சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை, எனவே இப்போதிருந்தே கணக்குப் பதிவியல் சொற்களை ஆங்கிலத்திலும் பழகட்டும். ஆங்கிலத்தில் 84 வாங்கியவளுக்கு அது மலை இல்லை.

இப்போது பள்ளி மாற்றம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை, மீன்வளம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பிளஸ் 1-க்குத் தனியார் பள்ளிக்குப் போனால் ஐந்து வருடம் சேர்த்தது அன்றோடு போயிற்று. அவள் அப்பா ஆசைப்படும் டாக்டர் படிப்புக்கே அந்த ஒதுக்கீடுதான் பெரிய பிடிமானம். அதை விட்டுக்கொடுக்க, கூடவே ஃபீஸும் கட்டப் போகிறார். காமர்ஸ் எடுத்தாலும் சட்டப் படிப்புக்கு இந்த ஒதுக்கீடு இவளுக்கு உண்டு. இதில் இடம் கிடைப்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி போனதும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில், படித்ததை வைத்துத்தான்.

தமிழ்வழியை விடுவதானாலும் யோசித்து விடுங்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டம் தகுதியாக உள்ள பதவிகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். சி.ஏ. பக்கம் உறுதியாகப் போகிறாள் என்றால் ஆங்கிலவழி வசதி, அரசுத் தேர்வு பக்கம் என்றால் தமிழ்வழி லாபம். இந்த ஒரு விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். குறைந்தது பிளஸ் 2 வரை தமிழ்வழியில் இருந்தால், அந்த முடிவைக் கல்லூரி சேரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அப்பாவை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வாதம் வேண்டாம். பிளஸ் 1 பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதத்தில் முக்கோணவியல் பாடத்தையும், கணக்குப் பதிவியலில் குறிப்பேடு, பேரேடு வரும் பாடங்களையும் இறக்கிக் கொடுங்கள். ஒரு வாரம் இரண்டையும் அவளாகவே படித்து, பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். மதிப்பெண் முக்கியமில்லை. தப்பு வந்தபோது எந்தப் பாடத்தில் திரும்ப உட்கார்ந்தாள், எதில் புத்தகத்தை மூடினாள் என்று அப்பா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஒருவேளை கணிதத்தில்தான் விடாமல் உட்கார்ந்தாள் என்றால் நான் மேலே சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு அறிவியல் குரூப்பையே எடுங்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

அதுவரை பள்ளியில் டிசி வாங்க வேண்டாம். பிளஸ் 1 விண்ணப்பத்தை மட்டும் இப்போதே அங்கே கொடுத்துவிடுங்கள். தலைமையாசிரியரிடம் வணிகக் கணிதம் இருக்கிறதா, கணக்குப் பதிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, சேர்ந்த பிறகு குரூப் மாற எத்தனை நாள் வரை அனுமதிப்பார்கள் என்று கேட்டு வாருங்கள். தொலைபேசியில் விசாரிக்க வேண்டுமானால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம்.