நாண் பிடிக்கும் விரல்கள்: வில் வரைவோர் கேட்டவையும் என் பதில்களும்

காரைக்குடி வட்டாரத்தில் புராண வீரர்களையும் கற்பனை உலகப் போராளிகளையும் வரைகிற இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். வில்லை மக்கள் உண்மையில் எப்படிப் பிடித்தார்கள் என்று அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இடக்கையில் வில்லும் வலக்கையில் நாணும் பிடிப்பவரையே எல்லாப் பதில்களிலும் மனத்தில் கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டை, ஓவிய மாணவி: ஐயா, கட்டைவிரலை இழப்பதற்கு முந்தைய ஏகலைவனை வரைகிறேன். மூன்று விரல்களால் நாணை இழுப்பதுபோல் வரைந்ததை அண்ணன் தவறு என்கிறான். சரியா?

அண்ணன் சொல்வதுதான் சரி, அம்மா. மூவிரல் பிடியில் ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே இருக்கும். நடுவிரலும் மோதிர விரலும் கீழே இருக்கும். நாணை இழுப்பதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. இங்கிலாந்தின் நெடுவில் வீரர்களும் விரல்களால்தான் இழுத்தார்கள். இன்றைய ஒலிம்பிக் வீரர்களும் அப்படியே. ஏகலைவனும் அப்படி எய்தவனாக இருந்தால், துரோணர் கட்டைவிரலைக் கேட்டதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும். விரலைக் கொடுத்தபின் மற்ற விரல்களால் எய்தான், பழைய விரைவு வரவில்லை என்றுதான் பாரதமும் சொல்கிறது.

அவனுக்கு நீங்கள் வரைய வேண்டியது கட்டைவிரல் பிடி. கட்டைவிரலை மடித்து நாணில் மாட்டி, அதன் நுனிமேல் ஆள்காட்டி விரலை வைத்துப் பூட்ட வேண்டும். மங்கோலியா, சீனா, பாரசீகம், துருக்கி, வட இந்தியா எங்கும் வழங்கிய பிடி இது. குதிரைமேல் இருப்பவனுக்குக் குட்டை வில்தான் வசதி. குட்டை வில்லை முழுதாக இழுத்தால் நாண் கூர்மையாக மடிந்து மூன்று விரல்களையும் நெரிக்கும். கட்டைவிரல் ஒன்றே என்றால் அது நாணில் அடைக்கும் இடம் குறைவு. விரலை நாண் அறுக்காமலிருக்கக் கொம்பு, எலும்பு, பச்சைக்கல் (ஜேட்) ஆகியவற்றில் மோதிரம் செய்து அணிந்தார்கள். ஷாஜகானின் பச்சைக்கல் மோதிரம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏகலைவன் வேடர்குலத்துப் பிள்ளை. அவனுக்குத் தோலுறையே பொருந்தும்.

காரைக்குடி, கணினி விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைபவர்: அம்பு வில்லின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? சாமுராய்க்கும் வனதேவதைக்கும் ஒரே மாதிரி வரையலாமா?

வரையக் கூடாது. மூவிரல் பிடியென்றால் அம்பு எய்பவருக்கு இடப்பக்கம். கட்டைவிரல் பிடியென்றால் வலப்பக்கம். கட்டைவிரல் பிடியில் கையின் சிறு திருகலால் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு அம்பை வில்லோடு சேர்த்து அழுத்துகிறது. பக்கத்தை மாற்றிவிட்டால் அம்பு நழுவி விழும். நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு விவரத்தைத்தான். அது தவறினால் கவசத்தையும் தலைமுடியையும் எவ்வளவு நுட்பமாக வரைந்திருந்தாலும் அந்தக் கை எய்யாது.

ஜப்பானியப் போர்வீரனான சாமுராயும் கட்டைவிரல் பிடிக்காரன்தான். அவன் வில் சுமார் 2.2 மீட்டர் உயரம், ஆளைவிடப் பெரியது. பிடி நடுவில் இல்லை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. வில்லைத் தலைக்குமேல் தூக்கி, இறக்கிக்கொண்டே காதைத் தாண்டி இழுப்பார்கள். அம்பு பாய்ந்ததும் வில் கைக்குள்ளேயே சுழன்று நாண் முன்கையின் வெளிப்புறத்துக்கு வந்துவிடும். அந்தக் கணத்தை யாராவது வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வனதேவதைக்கு மரபு எதுவும் இல்லை. பிடியை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆனால் நாணை முழுதாக இழுத்தபடி நின்று பேசவைக்காதீர்கள். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982இல் மீட்டபோது, அதிலிருந்த நெடுவில்கள் ஆய்வுக்குக் கிடைத்தன. அவற்றில் பலவும் 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை கொண்டவை என்று கணித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வில்லை இழுத்தவுடன் விட்டுவிடத்தான் முடியும்.

கானாடுகாத்தான், கல்லூரி மாணவர்: அப்பத்தா வீட்டு முகப்பில் ரவிவர்மா அச்சுப் படங்கள் மாட்டியிருக்கின்றன. வில் பிடிப்பதை அவற்றைப் பார்த்துப் பழகலாமா?

முகபாவத்தையும் ஆடை மடிப்பையும் பழகுங்கள். ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையை நம் புராணங்களுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தால் அந்தப் படங்கள் வீடுதோறும் சேர்ந்தன. நாண் பிடிக்கும் விரல்களுக்கு முகலாயச் சிற்றோவியங்களைத் தேடிப் பாருங்கள். மோதிரம்வரை கவனித்து வரைந்தவர்கள் அவர்கள். அபுல் ஹசன் 1616 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்றில், ஜஹாங்கீர் உலக உருண்டைமேல் நின்று, தக்காணத்தில் தன்னை எதிர்த்த தளபதி மாலிக் அம்பரின் வெட்டுண்ட தலையைக் குறிபார்த்து அம்பு விடுகிறார். மாலிக் அம்பரோ 1626வரை உயிரோடு இருந்தவர். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய முழுக் கற்பனை ஓவியம் அது!

புதுவயல், ஏழாம் வகுப்பு மாணவன்: ஒரே நேரத்தில் மூன்று அம்பு விட முடியுமா, சார்?

விடலாம், தம்பி. ஆனால் வில்லின் விசையை மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும். எதுவும் குறியில் வலுவாகத் தைக்காது. ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து விட்டவர்கள் சில அம்புகளைக் கையிலேயே சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அதை வரைந்து பார்.

திருப்பத்தூர், சித்திரக்கதை எழுதுபவர்: யாரும் வரையாத இந்திய வில் ஏதாவது உண்டா?

உண்டு. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் கண்டதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதிவைத்திருக்கிறார். இந்தியக் காலாட்படை வீரனின் வில் அவன் உயரம் இருக்குமாம். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடக்காலை வில்லில் அழுத்தி, நாணை நெடுந்தூரம் பின்னுக்கு இழுத்து எய்வானாம். முழு உடம்பும் வில்லுக்குள் இறங்குகிற அந்த நிலையை ஒரு பக்கம் நிறைய வரையுங்கள்.

பள்ளத்தூர், இல்லத்தரசி: பர்மாவிலிருந்து வந்த மூங்கில் வில் ஒன்று எங்கள் வளவில் இருக்கிறது. நாண் இரட்டையாக, நடுவில் சிறு பட்டையோடு இருக்கிறது. இதில் அம்பை எங்கே வைப்பது?

ஆச்சி, அது அம்பு விடும் வில் அல்ல, உண்டைவில். சுட்ட களிமண் உருண்டையைப் பட்டையில் வைத்து, இரு விரலால் கிள்ளிப் பிடித்து இழுப்பார்கள். விடும் கணத்தில் வில் பிடித்த கையைச் சற்றே திருப்புவார்கள், இல்லையென்றால் உருண்டை சொந்தக் கையிலேயே அடிக்கும். பறவை விரட்டவும் சிறு வேட்டைக்கும் பயன்பட்டது. சிறுவயது இராமன் கூனியின்மேல் உண்டை எறிந்ததாகக் கம்பர் சொல்வதும் இவ்வகை வில்லைத்தான். அந்தக் காட்சியை வரைபவர்கள் இராமன் கையில் அம்பைக் கொடுத்துவிடக் கூடாது. உங்கள் வில்லைப் பார்த்து வரைந்தால் சரியாக வரும். பிள்ளைகள் நாணேற்ற மட்டும் விடாதீர்கள். காய்ந்த மூங்கில் முறிந்தால் சிம்பு கண்ணில் தெறிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, வெயில் படாத சுவரில், நாணைத் தளர்த்தியே மாட்டிவையுங்கள்.