வாசகர் கேள்வி: பால்பார்க் ஃபிகர் கேட்டால் என்ன விலை சொல்வது?

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் விற்கிறோம். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் 500 சதுர அடிக்கு 'பால்பார்க் ஃபிகர்' கேட்டார். அடுத்த மெயிலில் 'லெட்ஸ் டேபிள் இட்' என்கிறார். என்ன பதில் போடுவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதலாவது சுலபம். உத்தேச விலை கேட்கிறார். பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த பேச்சு. ஒரே தொகையாக எழுதாதீர்கள், அதையே கடைசி விலையாகப் பிடித்துக்கொள்வார்கள். 'இத்தனையிலிருந்து இத்தனைக்குள், பேக்கிங், கப்பல் கூலி தனி' என்று எழுதுங்கள்.

இரண்டாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிரிட்டனில் அதற்கு 'இதைப் பேச எடுத்துக்கொள்வோம்' என்று பொருள். அமெரிக்காவிலோ நேர் எதிர்: 'இப்போதைக்கு ஒத்திவைப்போம்.' உங்களவர் அமெரிக்கர்; அதனால், ஆர்டர் உறுதி என்று நினைத்து டைல்ஸ் தயாரிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். மறுபடி எந்தத் தேதியில் பேசலாம் என்று கேட்டு ஒரு வரி அனுப்புங்கள்.